செல்லாக்காசும் இரும்பு உண்டியலும்

சிகாகோவின் மேற்குப் புறநகர் ஒன்றில், நெடுஞ்சாலையை ஒட்டிய விடுதியின் விருந்துக்கூடத்தில் பழைய காசு இயந்திரங்களுக்கான சந்தை நடந்தது. நண்பர் ஒருவர் குடும்பத்துடன் கிளம்பினார், நானும் ஒட்டிக்கொண்டேன். கண்காட்சி என்றுதான் அனுமதிச் சீட்டில் போட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் அது சந்தை என்பது விளங்கிவிட்டது. காசு போட்டால் எடை சொல்பவை, பாட்டுப் பாடுபவை, மிட்டாய் தருபவை, குறி சொல்பவை, சூதாடுபவை என நூறாண்டுக் கால இயந்திரங்கள் வரிசையாக நின்றன. அவற்றிடையே, பெரும்பாலும் அறுபதைக் கடந்த வெள்ளைக்கார ஆண்கள், சட்டைப்பையில் டார்ச் விளக்கும் திருப்புளியுமாக, இயந்திரங்களின் முதுகுப்புறத்தைத் திறந்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தனர். முகப்பை எவரும் அதிகம் கவனிக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணை விட்டுவிட்டு வீட்டின் அஸ்திவாரத்தைச் சோதிப்பதுபோல் இருந்தது.

இப்படியொரு சந்தை சிகாகோவில் கூடுவதற்குக் காரணம் உண்டு. மில்ஸ் நாவல்ட்டி, காட்லிப், பாலி, வில்லியம்ஸ், சீபர்க், ராக்-ஓலா எல்லாமே இந்நகரத்து நிறுவனங்கள். காருக்கு டெட்ராய்ட் எப்படியோ, காசு இயந்திரத்துக்குச் சிகாகோ அப்படி. (ராக்-ஓலா என்பது ராக் இசையிலிருந்து வந்த பெயர் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். நிறுவனர் டேவிட் ராக்கோலாவின் குடும்பப் பெயர்தான் அது.)

என்னை முதலில் நிறுத்தியது ஓர் எடை இயந்திரம். வெள்ளை எனாமல் பூசிய இரும்புத் தண்டு, உச்சியில் வட்ட முகம். நம் ரயில் நிலையங்களில் வண்ண விளக்குகள் மினுக்க நின்ற இயந்திரங்களைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இதைக் கடந்து போவது கடினம். பலகை மேல் ஏறி, உள்ளே சக்கரம் சுழன்று நிற்கும்வரை காத்திருந்து, காசைப் போட்டால், கெட்டி அட்டைச் சீட்டு ஒன்று விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் நடிகர் படமோ இரண்டு வரிப் பலனோ. எடைக்காக அதில் ஏறிய ஒருவரையும் நான் அறிந்ததில்லை. வண்டி வரும்வரை ஒரு குழந்தையைச் சமாதானப்படுத்த நம் பெற்றோர் கொடுத்த விலை அது. இந்த வகை இயந்திரத்துக்கு 1880களில் உரிமம் பெற்றவர் பெர்சிவல் எவரிட் என்னும் ஆங்கிலேயர். லண்டனில் 1883இல் காசு போட்டால் அஞ்சலட்டை தரும் இயந்திரத்தை நிறுவியவரும் அவரே.

ஆனால் எவரிட்டுக்கு முன்பே இந்த எண்ணத்துக்கு வயதாகிவிட்டது. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோன், கோயிலில் புனித நீர் வழங்கும் கலம் ஒன்றை விவரித்திருக்கிறார். ஐந்து திராக்மா நாணயம் துளை வழியே விழுந்து ஒரு துலாக்கோலின் நுனித் தட்டில் அமரும். கோல் சாயும்போது மறுமுனை அடைப்பைத் தூக்கும்; நீர் வழியும். தட்டிலிருந்து நாணயம் வழுக்கி விழுந்ததும் கோல் நிமிர்ந்து நீர் நின்றுவிடும். இவ்வளவுதான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் இந்தச் சந்தையில் நின்ற பல இயந்திரங்களின் வயிற்றில் இருந்ததும் அதே துலாக்கோல்தான். பக்தர்கள் கொடுத்த காசுக்கு மேல் நீர் எடுத்துவிடக்கூடாது என்பதே நோக்கம். ஆக, பூசாரிக்குப் பதிலாக இயந்திரம் வந்த முதல் இடம் கோயில்.

இலக்கிய வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு காசு இயந்திரம் இந்தச் சந்தைக்கு ஒருபோதும் வராது. ரிச்சர்ட் கார்லைல் என்ற லண்டன் பதிப்பாளர், தாமஸ் பெயினின் தடைசெய்யப்பட்ட நூல்களை வெளியிட்ட குற்றத்துக்காக 1819 முதல் டார்செஸ்டர் சிறையில் இருந்தார். கடையை நடத்திய மனைவி ஜேனையும் சிறைக்கு அனுப்பினார்கள். அடுத்துத் தங்கை மேரி ஆன். பிறகு கடைச் சிப்பந்திகள் ஒவ்வொருவராக. கார்லைல் தரப்பு 1822இல் கண்ட வழி விசித்திரமானது. கடையில் ஒரு முகவட்டை வைத்தார்கள். அதில் நூல்களின் பெயர்கள். வேண்டிய பெயருக்கு நேராக முள்ளைத் திருப்பிக் காசைப் போட்டால் நூல் கீழே வந்து விழும். விற்றவர் யார்? எவருமில்லை. எந்த முகத்தைச் சாட்சிக் கூண்டில் நின்று அடையாளம் காட்டுவது? அரசு இந்தத் தந்திரத்தில் மயங்கிவிடவில்லை, சிப்பந்திகள் தொடர்ந்து சிறை சென்றுகொண்டுதான் இருந்தார்கள். ஆயினும் காசுத் துளையின் வரலாற்றில் மனிதனை மறைப்பது மனிதனைக் காப்பதாகவும் அமைந்த தருணம் அது. பின்னர் 1937இல் பெங்குவின் பதிப்பகத்தின் ஆலன் லேன், லண்டன் சேரிங் கிராஸ் சாலையில் புத்தகம் விற்கும் இயந்திரம் ஒன்றை வைத்தார். அதன் பின்னால் யாரும் சிறைக்குப் போகவில்லை. அது வெறும் வியாபாரம்.

கூட்டம் அதிகம் மொய்த்தது ஜூக்பாக்ஸ்களைத்தான். சந்தையின் நடுவில் ஒரு வுர்லிட்சர் 1015 நின்றது. பால் ஃபுல்லர் வடிவமைத்து 1946இல் வெளிவந்து, ஐம்பத்தாறாயிரத்துக்கும் மேல் விற்ற மாதிரி. வளைந்த தோரணம், அதற்குள் குமிழிகள் ஏறிக்கொண்டேயிருக்கும் கண்ணாடிக் குழாய்கள். இருபத்து நான்கு இசைத்தட்டுகளுக்கு இவ்வளவு அலங்காரம். இதன் மூதாதை மிக எளியது. லூயி கிளாஸ் என்பவர் 1889 நவம்பர் 23 அன்று சான் பிரான்சிஸ்கோவின் பாலே ராயல் மதுக்கடையில் எடிசன் ஃபோனோகிராஃப் ஒன்றைக் காசுத் துளையுடன் வைத்தார். ஒலிபெருக்கி கிடையாது. மருத்துவர் காதில் மாட்டுவது போன்ற நான்கு குழாய்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காசு. நான்கு அந்நியர்கள் தலையோடு தலை உரச நின்று கேட்டார்கள். குழாயைத் துடைத்துக்கொள்ளப் பக்கத்தில் துண்டு தொங்கும். ஆறு மாதத்தில் அந்த ஒற்றை இயந்திரம் ஆயிரம் டாலருக்கு மேல் ஈட்டியது. எடிசன் தன் கருவியை அலுவலகத்தில் கடிதம் சொல்லி எழுதவைக்கும் சாதனமாகவே கருதியிருந்தார். அது பாடிப் பிழைக்கும் என்பதை அவருக்குக் காட்டியது மதுக்கடை.

ஜூக் என்ற சொல்லே கறுப்பின மக்களுடையது. தென்கிழக்குக் கடலோரத்தின் குல்லா மொழியிலிருந்து வந்தது என்பார்கள்; ஒழுங்கற்ற, கட்டுமீறிய என்று பொருள். பருத்திக்காட்டு உழைப்பாளிகள் இரவில் கூடி ஆடிய குடிசைகள் ஜூக் ஜாயிண்டுகள். பெருமந்தத்தில் வீட்டுக்கு இசைத்தட்டு வாங்குவோர் அருகிப்போனபோது, 1930களின் பிற்பகுதியில், தட்டுகளின் பெரும்பங்கை வாங்கியவை இந்த இயந்திரங்களே. அந்நாளைய வானொலி பெரும்பாலும் ஒதுக்கிவைத்த ப்ளூஸ் பாடகர்கள் ஐந்து சென்ட்டுக்கு ஊர் ஊராகப் பாடினார்கள். காசுத் துளை போட்டவரின் நிறத்தைக் கேட்கவில்லை, பாடியவரின் நிறத்தையும் கேட்கவில்லை. அது நின்ற கூடத்தின் வாசல்தான் கேட்டது. தெற்கில் வெள்ளையர் மதுக்கடைக்குள் கறுப்பர் குரல் நுழையலாம், கறுப்பர் நுழைய முடியாது. இந்த ஒளிரும் தோரணத்தின் முன் நின்று படமெடுத்துக்கொண்டவர்களுள் எத்தனை பேர் அதை நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. நானும் ஒரு படம் எடுத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சூதாட்ட இயந்திரங்கள் தனி வரிசை. பவேரியாவிலிருந்து குடியேறிய சார்ல்ஸ் ஃபே, 1890களில் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று சக்கரங்கள் கொண்ட லிபர்ட்டி பெல்லை உருவாக்கினார். மூன்று மணிச் சின்னங்கள் ஒரே வரிசையில் விழுந்தால் கிடைக்கும் உச்சப் பரிசு ஐம்பது சென்ட். ஃபே இயந்திரத்தை விற்கவில்லை. கடைகளில் வைத்து வசூலில் பாதியை எடுத்துக்கொண்டார். 1906 நிலநடுக்கத்தில் அவர் பட்டறை அழிந்தது. 1909இல் அந்நகரம் இவ்வகை இயந்திரங்களுக்கே தடை விதித்தது. தடைகளைத் தாண்ட உற்பத்தியாளர்கள் செய்த உபாயம் இன்றுவரை கண்ணில் படுகிறது. இது சூதாட்டமில்லை, சூயிங்கம் விற்கும் இயந்திரம் என்றார்கள். சக்கரத்தில் கம்மின் சுவைகளைப் பழங்களாக வரைந்தார்கள். கம் போய்விட்டது, செர்ரியும் பிளம்மும் நின்றுவிட்டன.

இயந்திரம் காசை மட்டுமே நம்பும் என்பதால் அதை ஏமாற்றுவதும் ஒரு கலையாக வளர்ந்தது. வட்டமாக வெட்டிய தகரம், துவாரமிட்ட வில்லை, நூலில் கட்டிய காசு. உற்பத்தியாளர்கள் காந்தம் வைத்து இரும்பைப் பிடித்தார்கள், எடை சோதித்தார்கள். எனக்குப் பிடித்தது எளிய ஏற்பாடு: கடைசியாகப் போட்ட சில காசுகள் முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகத் தெரியும். செல்லாக்காசு போட்டவன் அங்கேயே நின்றுகொண்டிருக்க, அவன் போட்டது ஊர் பார்க்க உட்கார்ந்திருக்கும்.

இந்த இயந்திரங்கள் இன்று அரிதாக இருப்பதற்கு அரசுகளின் சம்மட்டியும் ஒரு காரணம். நியூயார்க் மேயர் லா கார்டியா 1934இல் பறிமுதல் செய்த சூதாட்ட இயந்திரங்களைப் படகில் ஏற்றி, புகைப்படக்காரர்கள் முன் தானே சம்மட்டியால் அடித்து நொறுக்கிக் கடலில் தள்ளினார். அவற்றின் பின்னாலிருந்த ஃபிராங்க் காஸ்டெல்லோ தொழிலை நியூ ஆர்லியன்சுக்கு மாற்றிக்கொண்டதுதான் கண்ட பலன். பின்பால் ஆட்டமும் 1942இல் தடைபட்டது. 1976இல் ரோஜர் ஷார்ப் என்ற இளைஞர் நகர மன்றத்தார் முன் ஒரு இயந்திரத்தை ஆடி, பந்து எந்த வழியில் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லி அப்படியே இறக்கிக் காட்டிய பிறகே அது அதிர்ஷ்டமல்ல, திறமை என்று ஒப்புக்கொண்டார்கள்.

கூடத்தின் கோடியில் உண்டியல் மேசை இருந்தது. வார்ப்பிரும்பு உண்டியல்கள், எல்லாம் இயங்குபவை. வேட்டைக்காரன் காசைச் சுடுவான். கழுகு குஞ்சுக்கு ஊட்டும். நண்பரின் எட்டு வயது மகள் என் சட்டையை இழுத்து, "மாமா, ஒரு காசு குடுங்க" என்றாள். கால் டாலர் ஒன்றைக் கொடுத்துவிட்டு வுர்லிட்சர் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் மேசையைப் பார்த்தேன்.

கரிய மார்பளவு உருவம். தடித்த சிவந்த உதடுகள், பிதுங்கிய கண்கள். நீட்டிய கையில் காசை வைத்து நெம்புகோலை அழுத்தினால் கை உயர்ந்து வாய்க்குக் கொண்டுபோகும், நாக்கு உள்ளே இழுக்கும், கண்கள் மேலே உருளும். 1880களில் பஃபலோ நகரில் ஷெப்பர்ட் ஹார்ட்வேர் நிறுவனம் வார்த்து, பிறகு பலரும் பல பத்தாண்டுகள் நகலெடுத்த உண்டியல். அதன் விற்பனைப் பெயரில் உள்ள சொல்லை இங்கே எழுதப்போவதில்லை.

ரால்ஃப் எலிசன் 1952இல் வெளியிட்ட 'இன்விசிபிள் மேன்' நாவலில் இந்த உண்டியல் வருகிறது. தனக்கு அடைக்கலம் தந்த மேரியின் வீட்டில் அதைக் காணும் நாயகன் ஆத்திரத்தில் உடைத்துவிடுகிறான். சில்லுகளையும் காசுகளையும் பொட்டலமாகக் கட்டி எறியப் பார்க்கிறான். குப்பைத் தொட்டியில் போட்டால் வீட்டுக்காரி எடுக்கச் சொல்கிறாள். தெருவில் விட்டுப்போனால் ஒருவன் துரத்தி வந்து கொடுக்கிறான். கடைசிவரை அது அவன் பையிலேயே கிடக்கிறது. நாவலைப் படித்தபோது அதைக் குறியீடு என்று எண்ணி மெச்சிக்கொண்டேன். அது உலோகம் என்பதும், கைப்பிடியளவு கனம் என்பதும், விலைச்சீட்டு கட்டியிருக்கும் என்பதும் அப்போது தோன்றவில்லை.

இவற்றை உடைப்பதா, வைத்திருப்பதா? டேவிட் பில்கிரிம் என்ற கறுப்பினச் சமூகவியலாளர், அலபாமாவில் சிறுவனாக இருந்தபோது இத்தகைய இழிவுப் பொம்மை ஒன்றை வாங்கி, விற்றவர் கண்ணெதிரே தரையில் அடித்து உடைத்ததாகச் சொல்லியிருக்கிறார். அவர்தான் பின்னர் ஆயிரக்கணக்கில் இவற்றைத் தேடிச் சேர்த்து, மிச்சிகனில் ஃபெரிஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜிம் க்ரோ அருங்காட்சியகம் அமைத்தார். அங்கே ஒவ்வொன்றின் அருகிலும் அது எந்த உலகத்தைச் சேர்ந்தது என்ற விளக்கம் இருக்கிறது. இங்கே விலை இருந்தது. பொருள் ஒன்றுதான். என்னால் இந்த வேறுபாட்டைச் சிறியதாக எண்ண முடியவில்லை, சேகரிப்பவர் என்ற ஒரே சொல் இருவருக்கும் பொருந்துவதை ஏற்கவும் முடியவில்லை.

ஆனால் அந்த மேசையருகே நின்று பிறரைக் குற்றம் சொல்ல எனக்கு அதிக உரிமை இருப்பதாகவும் படவில்லை. கறுத்த நிறத்தையே கேலிப்பொருளாக்கிய திரை நகைச்சுவைகளுக்குக் கொட்டகையில் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்து வளர்ந்தவன் நான். அந்தக் கொட்டகையில் என் நிறத்தைவிடக் கறுத்தவர்கள் பக்கத்திலேயே அமர்ந்திருந்தார்கள்; அவர்களும் சிரித்தார்கள்.

விற்பவர் எழுபது வயதிருக்கும் மனிதர், சாதுவான குரல். என் முகத்தைப் பார்த்துவிட்டு, இது அந்தக் காலத்து வரலாறு, வரலாற்றை அழிக்கக்கூடாது என்று தானாகவே சொன்னார். இதே சொற்களைப் பலமுறை சொல்லியிருக்கிறார் என்பது குரலில் தெரிந்தது. அசலா என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, இல்லை, பின்னால் வார்த்த நகல், துருவையும் அமிலம் ஊற்றி ஏற்றிவிடுவார்கள், தன் விலைச்சீட்டில் அதை எழுதியிருப்பதாகச் சொன்னார். எழுதித்தான் இருந்தது. எந்த ஆண்டில் வார்த்தது என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. வரலாறு என்று அவர் சொன்னது சில ஆண்டுகளுக்கு முன் எங்கோ ஒரு பட்டறையில் வார்த்ததாகவும் இருக்கலாம்.

"ஏன் மாமா இது காசைத் தின்னுது?" என்று சிறுமி கேட்டாள். அவள் தாய் அவளை மிட்டாய் இயந்திரத்தின் பக்கம் அழைத்துப் போனாள். எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

காசைத் திருப்பித் தருகிறேன் என்று விற்பவர் உண்டியலைக் கவிழ்த்து அடித்தட்டின் திருகைக் கழற்றினார். மேசை விரிப்பில் ஒரு பிடி சில்லறை விழுந்தது. காலையிலிருந்து இயக்கிப் பார்த்தவர்களின் காசுகள். எது என்னுடையது என்று கேட்டார். கால் டாலர்கள் ஏழெட்டு கிடந்தன.