வழுக்கிய தளமும் வணிகர் கடமையும்

இங்கிலாந்தில் கடைக்காரரின் பொறுப்பு பற்றிய சட்டத்தின் வேர் ஒரு சீனித் தொழிற்சாலையில் உள்ளது. அங்கு வேலை நிமித்தம் சென்ற எரிவாயுத் தொழிலாளி ஒருவர் தடுப்பில்லாத குழியில் வீழ்ந்தார். தொழில் தொடர்பாக வருவோரை, உரிமையாளர் அறிந்திருக்கவேண்டிய ஆபத்திலிருந்து காப்பது அவர் கடமை என 1866 இல் நீதிமன்றம் தீர்த்தது. அனுமதியுடன் வரும் அனைவருக்கும் 1957 ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவான பாதுகாப்பை வழங்கியது.

1974 இல் லிவர்பூல் டெஸ்கோ அங்காடியில், சிந்திக்கிடந்த யோகட்டில் வழுக்கி ஒரு பெண் வீழ்ந்தார். அது எவ்வளவு நேரம் கிடந்தது என்பதை அவரால் நிறுவ இயலவில்லை. எனினும், தளத்தை உரியவாறு பராமரித்தமையைக் கடைக்காரரே காட்டவேண்டும் என மேன்முறையீட்டு நீதிபதிகளுள் பெரும்பான்மையோர் முடிவுசெய்தனர். நட்டஈடு 137 பவுண் 50 பென்ஸ் மட்டுமே, தீர்ப்போ நிலைத்துவிட்டது.

ஆகவே, அங்கு கடை நடத்தும் நம்மவர் தளம் துடைத்த நேரத்தைக் குறித்துவைத்தலும், வீழ்ந்தவர் உடனே முறையிட்டுப் பதிவுசெய்தலும் நன்று.