மஞ்சள் வழக்கில் பிறந்த நூலகம்

சங்குபுஷ்பி என்று எழுதிக் கொடுத்தால், கேரள மரபில் படித்த வைத்தியர் நீலச் சங்குப்பூக் கொடியை எடுப்பார். வடநாட்டு ஆயுர்வேத வைத்தியருக்கு அது தரையோடு படரும் வேறொரு பூண்டு. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த குமரி மாவட்டத்துக்கு இந்தக் குழப்பம் பழக்கமானது. கோட்டாற்றில் ஆயுர்வேதக் கல்லூரி, முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி என்று இரண்டு மரபும் அடுத்தடுத்து வாழும் மண் இது. வைத்தியர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்துச் சமாளித்துவிடுவார். அமெரிக்காவில் காப்புரிமை விண்ணப்பத்தைப் புரட்டும் அதிகாரி எதை முகர்வார்?

அந்த அதிகாரிக்கு நம் மருந்து தெரியாததன் விளைவு 1995 மார்ச்சில் வெளிப்பட்டது. புண் ஆற மஞ்சள் போடுவதற்கு, மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்கா காப்புரிமை கொடுத்தது. மஷேல்கர் தலைமையிலிருந்த இந்திய அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் (சி.எஸ்.ஐ.ஆர்.) எதிர்த்துப் போனது. நம் பாட்டிமார் சொன்னதெல்லாம் அங்கே செல்லாது, அச்சில் வேண்டும். சமஸ்கிருத நூல், 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரை என 32 சான்றுகளை அடுக்கிய பிறகு, 1997 ஆகஸ்டில் காப்புரிமை ரத்தானது. மஞ்சளுக்கே இத்தனை பாடு என்றால், ஓரிதழ் தாமரைக்கும் ஆடாதோடைக்கும் யார் அலைவது?

அந்த அலுப்பில் பிறந்ததுதான் 2001இல் தொடங்கிய மரபு அறிவு மின்நூலகம். வி.கே. குப்தா முன்னின்று நடத்தினார். சுவடியைப் படம்பிடித்து அடுக்கும் வேலையோடு அவர்கள் நிற்கவில்லை. ஒவ்வொரு மருந்து யோகத்தையும் மூலிகை, நோய், செய்முறை என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறியீடு கொடுத்தார்கள். வைத்தியம் படித்தவர் ஒருமுறை குறித்தால் போதும். ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜப்பான் மொழிகளில் பக்கம் தானே உருவாகும். ஜ்வரம் காய்ச்சலாகும், மசூரிகா பெரியம்மையாகும், மஞ்சள் அதன் தாவரவியல் பெயரில் நிற்கும். சொற்களையும் அவற்றின் உறவுகளையும் வகுத்து வைப்பதைக் கணினிக்காரர்கள் ஆன்டாலஜி என்கிறார்களே, அதற்கு இது நெருங்கிய உறவு.

இதற்கென உருவான வகைப்பாட்டில் சுமார் 25,000 உட்பிரிவுகள். உலகக் காப்புரிமை வகைப்பாட்டிலோ மூலிகைகள் அத்தனைக்கும் அதுவரை ஒரே ஓர் உட்பிரிவு! 2006இல் அது ஏறக்குறைய 200 ஆனது. என் கணக்கில், நூலகத்தைவிடப் பெரிய வெற்றி இதுதான். அவர்கள் தேடும் அலமாரியிலேயே நம் சரக்குக்கு இடம் கிடைத்துவிட்டது. 2009 பிப்ரவரியில் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் ஒப்பந்தம் போட்டு, உள்ளே வந்து தேடத் தொடங்கியது. உள்ளூர்க்காரர் இஷ்டம்போல் திறந்து பார்க்க முடியாது என்பது வேறு கதை. காப்புரிமை அலுவலகங்களைத் தாண்டியும் அனுமதியை விரிக்க மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டதே 2022 ஆகஸ்டில்தான்.

இந்த மின்நூலகத்தில் ஏற வேண்டுமானால் நூல் பெயரும் பக்கமும் வேண்டும். குமரியின் விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வர்ம வைத்திய ஆசான், எந்த விரலால் எவ்வளவு அழுத்துவது என்பதைச் சீடனின் கையைப் பிடித்தே சொல்லிக்கொடுக்கிறார். அதற்குப் பக்க எண் கிடையாது. அச்சிட்டால் சான்று கிடைக்கும், கூடவே ரகசியமும் போகும். அச்சிடாவிட்டால் நாளை எவனாவது உரிமை கொண்டாடும்போது நீட்டிக் காட்ட ஒரு தாளும் இருக்காது.