விமானிகள், இலங்கை: சம்பளம், இரவல், ஆள்வரவு

இலங்கையில் பயணிகள் விமானம் ஓட்டும் தொழில் 1947 டிசெம்பரில் எயார் சிலோனோடு தொடங்குகிறது. அன்றிலிருந்து இந்தத் தொழிலை நடத்தி வந்தவை இரண்டு கணக்குகள். பிறநாட்டு விமானியை இரவல் வாங்குவது எப்போது மலிவு என்பது ஒன்று. நம் விமானிக்குப் பிறநாடு எவ்வளவு கூடக் கொடுக்கும் என்பது மற்றது. அடுத்த தலைமுறை விமானி எந்த வீட்டிலிருந்து வருவார் என்ற மூன்றாவது கணக்கை அரசு முறையாகப் போட்டதில்லை. ஊவா மாகாணத்தின் பதுளையிலோ மொனராகலையிலோ இருந்து பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அந்த மூன்றாவதுதான்.

எயார் சிலோன் காலம்

இரத்மலானை ஓடுபாதையில் முதன்முதலாக இறங்கிய விமானத்தை ஓட்டி வந்தவர் டின்டேல் பிஸ்கோ. சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநரான அவர் 1935 நவம்பர் 27 அன்று ஒரு சிறிய பஸ் மொத் விமானத்தில் வந்து இறங்கினார். இரண்டரை ஆண்டுக்குள் டாட்டாவின் தபால் விமானமும் கொழும்பை எட்டியது. ஓட்டியவர்கள் எல்லோரும் வெளியார்.

உள்நாட்டு விமானிகளின் கதை 1947 டிசெம்பர் 10 இல் ஆரம்பமாகிறது. அன்று எயார் சிலோனின் டகோட்டா இரத்மலானையில் புறப்பட்டு, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னை போய்ச் சேர்ந்தது. தலைமை விமானி பீட்டர் பெர்னாண்டோ. வானொலி அதிகாரி ஜோன் வேதவனம். சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி என மூன்று டகோட்டாக்களுக்கும் அரசிகளின் பெயர்களை வைத்தார்கள். சுதந்திரத்துக்கு இரண்டு மாதம் முன்னர் நாட்டுக்குச் சொந்த விமான சேவை கிடைத்துவிட்டது என்ற பெருமை பெரிது.

ஆனால் நெடுந்தூரப் பயணத்துக்கு இந்தப் பெருமை போதவில்லை. லண்டனுக்கும் சிட்னிக்கும் பறக்க நாலு எஞ்சின் விமானம் வேண்டும், அதை ஓட்டத் தெரிந்தவர் வேண்டும். 1949 இல் ஆஸ்திரேலிய நேஷனல் எயார்வேஸ் 49 சதவீதப் பங்கோடு உள்ளே வந்தது. 1956 இல் டச்சு நிறுவனமான கே.எல்.எம்., 1962 இல் பிரித்தானிய பி.ஓ.ஏ.சி., எழுபதுகளில் பிரெஞ்சு யூ.டி.ஏ. என்று கூட்டாளி மாறிக்கொண்டே இருந்தார். விமானத்தின் உடலில் எயார் சிலோன் என்று எழுதியிருக்கும். அது பெரும்பாலும் கூட்டாளியின் விமானமாகவே இருக்கும். அவ்ரோ, 1969 இல் வாங்கிய டிரைடன்ட் போன்ற குறுந்தூர விமானங்களே உள்ளூர்க்காரர் ஏறிய ஏணி. அதற்கு மேல் படி வேண்டுமென்றால் வெளிநாடு போக வேண்டும். இந்தத் தொழிலில் புலம்பெயர்வு நேற்று முளைத்ததல்ல; இரவல் முறையே அதற்கு வழி திறந்தது.

இரவல் விமானமும் மூன்று விபத்துகளும்

விமானத்தோடு விமானியையும் பணிப்பெண்களையும் பராமரிப்பையும் சேர்த்தே எடுக்கும் குத்தகைக்குத் தொழிலில் ‘வெட் லீஸ்’ என்று பெயர். பயணச்சீட்டில் ஒரு நிறுவனம், விமானி அறையில் வேறொரு நிறுவனம். இந்த ஏற்பாட்டின் மிகக் கொடிய பக்கத்தை இலங்கை மண் மூன்று முறை பார்த்திருக்கிறது.

1974 டிசெம்பர் 4 இரவு நோட்டன் பிரிட்ஜ் அருகே சப்த கன்னியர் மலையில் ஒரு டி.சி.-8 மோதியது. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றி, கொழும்பு வழியாக ஜித்தா போகவிருந்த விமானம் அது. பயணத்தை ஏற்பாடு செய்தது இந்தோனேசியாவின் கருடா. ஓட்டியது டச்சு நிறுவனமான மார்ட்டின்எயார். இருந்த 191 பேரும் இறந்தார்கள். தாங்கள் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை விமானிகள் பிழையாகக் கணித்துவிட்டதாக விசாரணை முடிவு சொன்னது. நாலு ஆண்டு கழித்து, 1978 நவம்பர் 15 அன்று, இன்னொரு ஹஜ் விமானம் கட்டுநாயக்கவில் இறங்க வரும்போது தென்னந்தோப்பில் விழுந்து 183 பேர் மாண்டார்கள். அதுவும் கருடாவுக்காகவே பறந்தது. சொந்தக்காரர் ஐஸ்லாந்து நிறுவனம்.

மூன்றாவது நம்மவர் சம்பந்தப்பட்டது. யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி அடைபட்டிருந்தபோது கப்பலை விட்டால் விமானமே கதி. தனியார் நிறுவனமான லயன் எயார், பெலாருஸ் நாட்டு கோமெலாவியாவிடம் அன்டனோவ்-24 ஒன்றைக் குத்தகைக்கு எடுத்துப் பலாலி – இரத்மலானை சேவையை நடத்தியது. 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியில் கிளம்பிய அந்த விமானம் மன்னார்க் கடலில் விழுந்தது. 48 பயணிகள், 7 பணியாளர். பயணிகள் எல்லோரும் தமிழர். விடுதலைப் புலிகளின் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டதாகவே கருதப்படுகிறது. சிதைவுகள் இரணைதீவை அண்டிய கடலில் அகப்பட 2012 ஆம் ஆண்டு வரை செல்லவேண்டியிருந்தது. குண்டு விழும் வழித்தடத்துக்கு முன்னாள் சோவியத் நாடுகளின் விமானிகளைக் கூப்பிட்டது ஏன் என்றால், டொலர் பஞ்சத்தில் கிடந்த அவர்கள் அந்தக் கூலிக்கு வந்தார்கள். வெளிக்குத்தகை என்பதன் பச்சையான பொருள் அதுதான்.

எயார் லங்காவும் அதன் பின்னும்

எயார் சிலோனை மூடிவிட்டு 1979 ஜனவரியில் எயார் லங்காவைத் தொடங்கினார்கள். செப்டெம்பர் 1 அன்று முதல் பறப்பு. சிங்கப்பூர் எயார்லைன்சிடம் குத்தகைக்கு எடுத்த இரண்டு போயிங் 707, கூடவே சிங்கப்பூரின் நிருவாக உதவி. தலைவராக விமானியான ரகித்த விக்ரமநாயக்க அமர்ந்தார். டிரைஸ்டார் வந்தது, ஏர்பஸ் வந்தது. 1998 இல் எமிரேட்ஸ் பங்காளியாகிப் பத்தாண்டு நிருவாக உரிமையும் பெற்றது. அடுத்த ஆண்டே பெயர் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் ஆனது. 2001 ஜூலை 24 அன்று கட்டுநாயக்க விமான நிலையத்தில் விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் விமானங்களில் ஏறத்தாழப் பாதி அழிந்தோ சேதமடைந்தோ போயின. 2008 இல் எமிரேட்ஸ் நிருவாகத்தை விட்டு விலகியது. 2007 இல் அரசு தொடங்கிய இரண்டாவது நிறுவனமான மிஹின் லங்கா 2016 இல் ஸ்ரீலங்கனுக்குள் கரைந்தது. அதே 2016 இல் பாகிஸ்தானின் பி.ஐ.ஏ.க்கு ஸ்ரீலங்கன் தன் ஏ330 விமானத்தை வெட் லீசில் கொடுத்தது. எழுபது ஆண்டு இரவல் வாங்கிய நாடு இரவல் கொடுக்கும் இடத்துக்கும் வந்தது, நெடுநாள் நிலைக்கவில்லை.

இதில் விமானியின் சம்பளத்தைத் தீர்மானித்த ஒரு விடயம் எளிதில் கண்ணுக்குப் படாதது. டிரைஸ்டார்கள் ஓய்ந்தபின் ஸ்ரீலங்கன் முழுக்க ஏர்பஸ் நிறுவனமாகிவிட்டது. ஏ320, ஏ330 ஓட்டும் தகுதிச் சான்றுக்கு வளைகுடாவிலும் இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் ஒரே மதிப்பு. கொழும்பு விமானி வேலை மாற வேண்டுமென்றால் புதிதாக எதுவும் படிக்கத் தேவையில்லை. பெட்டியைக் கட்டினால் போதும். ஆகவே இங்குள்ள சம்பளத்தைக் கொழும்பு தனியே தீர்மானிப்பதில்லை, டுபாயும் டோஹாவும் டில்லியும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

2022 இல் இது வெடித்தது. பெருந்தொற்றில் ஏற்கெனவே சம்பளம் வெட்டப்பட்டிருந்தது. மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டதும் 200 ரூபாச் சொச்சமாக இருந்த டொலர் சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. எரிபொருள் இல்லாமல் கொழும்பிலிருந்து கிளம்பிய விமானங்கள் திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் இறங்கி எண்ணெய் நிரப்பிப் போயின. 2023 ஜனவரியில் வந்த வருமான வரி, மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் உழைப்பவரிடம் 6 சதவீதத்தில் ஆரம்பித்து, ஏறத்தாழ 3,08,000 ரூபாவுக்கு மேற்பட்ட பகுதிக்கு 36 சதவீதம் வாங்கியது. வைத்தியரும் பொறியியலாளரும் போன வழியில் விமானிகளும் போனார்கள். ஆளில்லாமல் பறப்புகள் தாமதமாவதும் ரத்தாவதும் 2023 இல் வழமையாகின. அதே ஆண்டில் எயார் இந்தியா 470 விமானங்களுக்கும் இன்டிகோ 500 விமானங்களுக்கும் ஆணை கொடுத்தன. பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் அவ்வளவு வெற்று இருக்கைகள் காத்திருக்கும்போது கொழும்பு விமானியைத் தேசப்பற்றைச் சொல்லி நிறுத்திவைக்க முடியாது. நிறுவனத்தை விற்கும் முயற்சியை 2024 இல் வந்த புதிய அரசு கைவிட்டது. சம்பளக் கேள்வி மட்டும் அப்படியே கிடக்கிறது.

அமெரிக்கப் பாடம்

குறைந்த கூலிக்கு வேலையைக் கீழே தள்ளிவிடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்கா ஒரு தெளிவான சாட்சி. பெரிய நிறுவனங்கள் சிறு நகரச் சேவையைப் பிராந்திய நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டன. 2009 பெப்ரவரி 12 அன்று பஃபலோ நகரருகே விழுந்து 50 பேரைப் பலிகொண்ட விமானத்தில் கான்டினென்டல் என்று எழுதியிருந்தது. ஓட்டியது கோல்கன் எயார். துணை விமானியின் ஆண்டுச் சம்பளம் 25,000 டொலரையும் எட்டவில்லை. வேலையிடத்தில் வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல், நாட்டின் மறுகோடியிலிருந்து இரவுப் பறப்பில் வேலைக்கு வந்தவர் அவர். அதன்பின் 2013 முதல் துணை விமானிக்கும் 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆள் சுருங்கியது. 2022 இல் அமெரிக்கன் எயார்லைன்சின் துணை நிறுவனங்கள் புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டொலர் கொடுக்க முன்வந்தன. பத்தாண்டுகளாக ‘கட்டுப்படியாகாது’ என்று சொன்னவர்களிடம் பணம் எங்கிருந்தோ வந்தது.

ஆளைக் கணக்குப் பார்த்துக் குறைத்து வைத்தால் என்ன ஆகும் என்பதை 2025 டிசெம்பரில் இந்தியாவும் கண்டது. விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு தரும் புதிய விதிகளுக்கு இன்டிகோ ஆயத்தமாகாததால் ஆயிரக்கணக்கான பறப்புகள் ரத்தாகின.

ஆள்வரவும் ஊவாவும்

இலங்கைக்கு விமானிகள் வந்த வாசல்கள் மூன்று. முதலாவது விமானப்படை. 1951 மார்ச் 2 அன்று அமைந்த அரச இலங்கை விமானப்படை தன் முதல் பயிலுநர்களைப் பிரித்தானியாவின் கிரான்வெல்லுக்கு அனுப்பியது. பின்னர் திருகோணமலை சீனக்குடாவில் சொந்தப் பயிற்சிக்கூடம் வைத்தது. படையில் அரச செலவில் கற்றவர் சேவை முடிந்து பயணிகள் விமானத்துக்கு மாறுவது நெடுநாள் வழக்கம். இரண்டாவது, நிறுவனமே இளைஞரைச் சேர்த்துப் பயிற்றும் ‘கெடெட்’ திட்டம். மூன்றாவது, இன்று மிக அகலமானது: அப்பாவின் காசு.

ஊவாவின் தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழருக்கு முதல் வாசல் திறக்கும் முன்பே பூட்டப்பட்டிருந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. நாடற்றவர் அரச படையில் சேர முடியாது. எஞ்சியிருந்தோரின் பிரச்சினை 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. தியத்தலாவையில் விமானப்படைப் பயிற்சி முகாம் இருக்கிறது. பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களுக்கு அது எட்டும் தூரம். இரண்டு தலைமுறை அந்த வேலியை வெளியே நின்று பார்த்தது.

பிரஜாவுரிமை கிடைத்தபின் மிஞ்சியது காசும் பாடசாலையும். வணிக விமானி உரிமத்துக்குப் பல மில்லியன் ரூபா வேண்டும். அதற்கு மேல் குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சிச் செலவு தனி. 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் ஒவ்வொரு மில்லியனும் ஏறத்தாழ 740 நாள் உழைப்பாக இருந்தது. மாதம் 25 நாள் வேலை செய்து, ஒரு சதமும் சாப்பாட்டுக்கு எடுக்காவிட்டாலும் இரண்டரை ஆண்டு. காணி உறுதி இல்லாத லயத்து வீட்டைப் பிணையாக எந்த வங்கியும் ஏற்காது. 2008 முதல் சர்வதேசப் பறப்புக்கு ஆங்கிலத்தில் நாலாம் நிலைத் தேர்ச்சி கட்டாயம். கணிதப் பிரிவில் உயர்தரம் வைத்திருக்கும் தமிழ்ப் பாடசாலைகள் ஊவாவில் சொற்பம். பசறை, லுணுகலைப் பக்கத்துப் பிள்ளை பௌதிகவியல் படிக்கப் பதுளைக்கு வர வேண்டும், மொனராகலைப் பிள்ளைக்கு அதுவும் தூரம்.

இதே காலத்தில் பணம் கட்டிடத்துக்குப் போனது. மொனராகலைக்குத் தெற்கே, அம்பாந்தோட்டை மாவட்டத்தில், 20 கோடி டொலருக்கு மேல் செலவழித்து 3,500 மீற்றர் ஓடுபாதையோடு மத்தள விமான நிலையத்தை 2013 மார்ச் 18 அன்று திறந்தார்கள். பெரும்பகுதி சீனக் கடன். 2015 ஜனவரியில் ஸ்ரீலங்கனே அங்கு பறப்பதை நிறுத்தியது. பின்னர் அதன் சரக்குக் களஞ்சியத்தில் நெல் அடுக்கினார்கள். அந்தத் தொகையில் சிறு பங்கை விமானி, பொறியியலாளர் பயிற்சிக்கு ஒதுக்கியிருந்தால் 2023 இல் பறப்பு ரத்து அறிவித்தல்கள் அவ்வளவு வந்திரா.

போகிறவரைப் பிடித்துவைக்க ஸ்ரீலங்கனால் டுபாய் சம்பளம் கொடுக்க முடியாது. அதை எதிர்பார்ப்பதும் பிழை. செய்யக்கூடியது, வருகிறவர் தொகையைக் கூட்டுவது. திறைசேரி பிணை நிற்கும் கடன், பத்தாண்டுச் சேவை ஒப்பந்தம், மாவட்ட அடிப்படையிலான தெரிவு ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு கெடெட் திட்டத்தை அரசு தொடங்க வேண்டும். தெரிவில் பதுளையும் மொனராகலையும் கொழும்போடு சம எண்ணிக்கையில் இடம்பெற வேண்டும்.