ஓட்டைத் தகரத்தின் வரலாறு

திருகோணமலையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கோட்டையில் தொடங்கிக் கப்பலில் முடித்துவிடுகின்றனர். 1624இல் போர்த்துக்கேயர் கோட்டை எழுப்பினர். 1639இல் ஒல்லாந்தர் அதைப் பறித்தனர். 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1957இல் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. இவையாவும் உண்மையே. ஆயினும், இத்துறைமுகத்துக்கு வந்துசேர்ந்த இரும்பை உப்புக் காற்றிலிருந்து காத்த கைகள் எவருடையவை என்னும் வினாவுக்கு அவ்வரலாறுகளில் விடை இல்லை. அவ்வினாவை ஒரு சிறு பொருளை முன்வைத்து எழுப்ப விழைகிறோம். மோட்டார் வண்டியின் உடற்தகரத்தில் விழும் ஓட்டையும், அதை அடைத்து வர்ணம் பூசும் டிங்கர் தொழிலுமே அப்பொருள்.

இரும்பும் ஈரமும் ஒட்சிசனும் கூடுமிடத்தில் கறள் பிறக்கிறது. உப்புக் கரைந்த ஈரம் மின்னை எளிதிற் கடத்துவதால் கடலோரத்தில் அவ்வினை விரைவு பெறுகிறது. கறள், தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கொள்வது. ஆதலால் வர்ணத்தை அடியிலிருந்து தூக்கிவிடும். ஏகாதிபத்தியக் கடற்படை இதை நன்கு அறிந்திருந்தது. கப்பலின் கறளைச் சுரண்டிச் செவ்வீயமும் அதன்மேல் சாம்பல் வர்ணமும் பூசுவது ஓயாத வேலை. சீனன்குடாவில் அக்கடற்படை எழுப்பிய எண்ணெய்த் தாங்கிகளுள் எஞ்சிய 99உம் இரும்புக்கும் கடற்காற்றுக்குமான போராட்டத்தின் சாட்சிகளாக நிற்கின்றன.

வண்டியின் தகரமோ ஒரு மில்லிமீட்டர் அளவே தடிப்புடையது. கதவின் அடிவிளிம்பிலும் சில்லுக்கு மேலுள்ள வளைவிலும் நீர் வடியும் துளைகள் சேற்றால் அடைபட, ஈரம் உள்ளே தங்குகிறது. வெளியே சிறு கொப்புளம் தோன்றும் வேளையில் உட்புறம் பெரிதும் அரிக்கப்பட்டிருக்கும்.

1948 முதல் உற்பத்தியான மொரிஸ் மைனரும், ஒஸ்டின் வண்டிகளும் இங்கிலாந்திலிருந்து நம் நாட்டுக்கு வந்தன. வண்டி பழுதானால் வேறொன்று வாங்கலாம், தகரம் உக்கினால் புதுத்தகரம் தருவிக்கலாம் என்பது செல்வ நாட்டின் கணக்கு. தேயிலையையும் றப்பரையும் விற்று வாழும் நாட்டுக்கு அக்கணக்கு ஒத்துவரவில்லை. அந்நியச் செலாவணி வற்றியபோது, 1960களின் தொடக்கம் முதல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. 1977 வரை நீடித்தன. வண்டியை மாற்ற இயலாதபோது தகரத்தை மாற்ற வேண்டும். தகரமும் கிட்டாதபோது ஓட்டையை மட்டுமே மாற்ற வேண்டும். டிங்கரின் அறிவைக் கூர்மையாக்கியது இந்நெருக்கடியே.

அவ்வறிவு எத்தகையது? கண்ணுக்குத் தெரியும் ஓட்டை கடுகளவே இருக்கலாம். ஆனால் சுற்றிலும் சுத்தியலால் தட்டி ஓசை கேட்கும் டிங்கர், கெட்ட தகரம் எதுவரை பரவியுள்ளதென்று காண்கிறார். கறள்பட்ட பகுதி முழுவதையும் வெட்டி, வெள்ளி போல் மின்னும் நல்ல தகரம் வரும்வரை தேய்க்கிறார். வெட்டிய வாய்க்குப் பொருந்தத் துண்டுத் தகரம் நறுக்கி வளைக்கிறார். ஒரே ஓட்டமாகப் பற்றவைத்தால் தகரம் சூட்டில் நெளிந்துவிடும். ஆதலால் இங்கொரு பொட்டும் அங்கொரு பொட்டுமாக, ஆறவிட்டு ஆறவிட்டுப் பற்றவைக்கிறார். பள்ளத்தை நிரப்பப் பழைய முறையில் 70 பங்கு ஈயமும் 30 பங்கு வெள்ளீயமும் கலந்த உலோகம் பயன்பட்டது. அது 183 பாகைச் சூட்டில் இளகத் தொடங்கி, 250 பாகை கடந்த பின்னரே முழுதும் உருகும். இடைப்பட்ட சூட்டில் குழைத்த களிமண் போல் நிற்கும் வேளையில், கொழுப்புத் தடவிய மரக்கட்டையால் அதை இழைத்துச் சமன் செய்தனர். அரத்தால் சீவி, முதற்பூச்சு இட்டு, நீர்விட்டு மணற்தாளால் தேய்த்த பின்னரே வர்ணம்.

1950களில் அமெரிக்காவில் தோன்றிய பிசின் பசை இவ்வேலையை எளிதாக்கியது. நல்ல தகரத்தின்மேல் மெல்லிதாகத் தடவினால் அதுவும் பயனுள்ள பொருளே. ஓட்டைக்குப் பின்னால் தகரமின்றி அதனையே அடைத்தால், அதிலுள்ள மாக்கல் தூள் ஈரத்தை உறிஞ்சும்; மாரி மழைகள் சில கழிவதற்குள் பசை கழன்று விழும். வாங்குபவரை ஏய்க்க இவ்வழியை நாடும் வணிகர் உண்டு. கூலியைக் குறைத்து, நாளையே வண்டி வேண்டுமென்று நெருக்கும் உரிமையாளரும் உண்டு. ஆனால் பழி முழுவதும் டிங்கரின் தலையிலேயே விழுகிறது.

போர்க்காலம் இத்தொழிலை மேலும் சோதித்தது. 1990களில் பொருளாதாரத் தடை நிலவிய யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்டின்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இயந்திரத்தை ஓடவைத்த விந்தையைப் பலர் பேசுவர். அதைச் சுமந்த தகரத்தைக் கட்டிக்காத்தவரைப் பேசுவார் அரியர். அதே 1990களில், இங்கிலாந்தில் எஞ்சிய மொரிஸ் மைனர்களுக்கான மாற்றுத் தகரங்கள் இலங்கையின் தெற்கில் செய்யப்பட்டு அங்கு அனுப்பப்பட்டன. வண்டி வந்த வழியே கைத்திறன் திரும்பிச் சென்றது! 2020 மார்ச்சில் நின்ற தனியார் வண்டி இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அவ்வைந்தாண்டுகளில் பழைய வண்டிகளின் விலை ஏறியது. அவ்விலையில் டிங்கரின் உழைப்பும் அடங்கியிருந்தது; இலாபமோ விற்றவரைச் சேர்ந்தது.

உழைத்தவரைச் சேர்ந்தது வேறொன்று. ஈயத் தூள் குருதியையும் நரம்பையும் கெடுக்கும். இருகலவை வர்ணத்தைத் தெளிக்கையில் எழும் ஐசோசயனேற்று ஆவி ஆஸ்துமாவை உண்டாக்கும். தகுந்த முகக்கவசமும் காற்றோட்டமும் இருந்தால் பெரிதும் தவிர்க்கக்கூடிய கேடுகள் இவை. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இலேயே வந்தது. எனினும் சிறு கராஜ்களில் நாட்கூலிக்கு உழைக்கும் பலருக்கு அது ஏட்டில் உள்ள சட்டமே.

கறளின் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர்களாகிய நாம், மாணவரை ஒரு நாளேனும் கராஜுக்கு அழைத்துச் செல்லவேண்டும். அங்கு வழங்கும் சொற்களையும் முறைகளையும் மூத்த டிங்கர்களிடம் கேட்டு அவர்கள் எழுதிவரட்டும். அவர்களிடம் முகக்கவசம் உண்டா, சேமலாபம் உண்டா என்பதையும் கேட்டு எழுதட்டும். இத்துறைமுகத்தின் வரலாற்றில் இதுவரை எழுதப்படாத பக்கங்கள் அவை.