ஆயிரம் பிறை கண்டவர்

எண்பதைக் கடந்த முதியவரை வயதைச் சொல்லிக் குறிப்பதைக் காட்டிலும் ‘ஆயிரம் பிறை கண்டவர்’ என்று சொல்லிக் கைகூப்புவதே தஞ்சைத் தரணியில் நெடுங்கால வழக்கம். இதைக் கவிகளின் மிகைக் கற்பனையென்று கருதுவோர் உண்டு. இதனுள் அடங்கியிருப்பதோ சுத்தமான ஜோதிஷ கணிதம். ஒரு பிறைக்கும் மறு பிறைக்கும் இடையே ஏறத்தாழ 29½ நாள் கழிவதால், சாந்திர மாதங்கள் பன்னிரண்டு கூடியும் சூரிய வருஷத்துக்குப் பதினொரு நாள் குறைகிறது. அந்தக் குறை ஆண்டுதோறும் சேர்ந்து அதிக மாதங்களாகத் திரளவே, 80 வருஷங்களில் 960 பிறைகளுக்கு மேலும் 29 பிறைகள் தோன்றி, எஞ்சியவை அடுத்த பத்துப் பதினொரு மாதங்களில் உதிக்க, எண்பத்தோராம் பிராயம் முடிவதற்குள் ஆயிரம் பூர்த்தியாகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் கவிந்து கிடக்கும் காவிரிப் படுகையில் மூன்றாம் பிறையைத் தவறாமல் கண்ணால் கண்டவர் யார்? ஆகவே எண்ணுவது பஞ்சாங்கமே.

அந்த நிறைவுக்குச் செய்யும் வைபவம் சதாபிஷேகம். மந்திர ஜபம் செய்த கலச தீர்த்தத்தைத் தம்பதிகளின் சிரசில் வார்த்து, மீண்டும் திருமாங்கல்ய தாரணம் செய்வித்து, மக்களும் பேரர்களும் வரிசையாக விழுந்து வணங்குவார்கள். இதற்கும் அறுபதாங்கல்யாணத்துக்கும் குடும்பங்கள் நாடிச் செல்லும் தலம் மாயவரத்துக்கும் தரங்கம்பாடிக்கும் இடையிலுள்ள திருக்கடவூர். மார்க்கண்டேயருக்காகக் காலனைக் காலால் உதைத்த மூர்த்தி எழுந்தருளிய அட்டவீரட்டானங்களுள் ஒன்றாய், அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவராலும் பாடப்பெற்ற அந்தத் தலத்தில் ஆயுளை வேண்டி நிற்பது பொருத்தமே. முதலாம் சரபோஜி (1712–1728) காலத்தில், தை அமாவாசையன்று பௌர்ணமி என்று சொல்லிவிட்ட அபிராமி பட்டருக்காக அம்பிகை வானில் நிலவைக் காட்டினாள் என்ற ஐதிகமும் இவ்வூருக்கே உரியது. பிறைக் கணக்கால் முதுமையைப் போற்றுவோருக்கு இதைவிட உகந்த க்ஷேத்திரம் வேறில்லை என்பது என் துணிபு.

இந்தியரின் சராசரி ஆயுள் 1941–51 காலத்தில் 32 ஆண்டுகளே. சிசு மரணங்களின் மிகுதியே அந்த எண்ணைத் தாழ்த்தியது என்றாலும், எண்பதைக் காண்பது அன்று ஊருக்கே அரிய பாக்கியமாக இருந்ததால், சதாபிஷேகம் ஒரு வீட்டு விசேஷமாக நில்லாமல் அக்கிரகாரம் முழுவதும் கூடும் உற்சவமாயிற்று. மகன்வழிக் கொள்ளுப்பேரனையும் கண்டவராயின், அவருக்குக் கனகாபிஷேகமும் உண்டு.

எனினும் இந்த மரபில் ஒரு குறை என் மனத்தை உறுத்துகிறது. 1929-இல் பால்ய விவாகத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் வருவதற்கு முன், தன்னைவிட மிகவும் மூத்த ஒருவருக்குப் பாலியத்திலேயே வாழ்க்கைப்பட்டு, இளமையிலேயே அவரை இழந்து, மைத்துனன் வீட்டுச் சமையற்கட்டில் அடுப்பெரித்தே எண்பதைத் தாண்டிய பாட்டிமார் டெல்டாவின் அக்கிரகாரங்களில் பலர் இருந்தனர். அவர்களுக்கும் பஞ்சாங்கம் அதே ஆயிரத்தைத்தான் எண்ணியது. ஆனால் அவர்களை மணையில் அமர்த்திக் கலச தீர்த்தம் வார்க்க எவரும் முன்வரவில்லை. சதாபிஷேகம் நடந்த வீடுகளிலும் கைம்பெண்ணாகிய அத்தைப்பாட்டி, மங்கல காரியத்துக்கு எதிர்ப்படலாகாதென்று கொல்லைப்புறத்திலேயே நின்றாள்.