பந்தைத் தேடும் கேமரா

ஆள் இல்லாமலே ஆட்டத்தைப் படம்பிடித்து நேரலையாக அனுப்பும் கேமரா வந்ததும், கேமராக்காரரின் பிழைப்பு போய்விடும் என்ற பேச்சு எழுந்தது. பெரிய அரங்குகளில் அந்தக் கவலைக்கு இடமுண்டு. ஆனால் பள்ளி அணிக்கும், வார இறுதியில் மட்டும் கூடும் சங்கத்துக்கும் கேமராக்காரர் எப்போது இருந்தார்? கோட்டோரம் நிற்கும் தகப்பனார் ஒருவர் கைப்பேசியில் எடுப்பார். தன் பிள்ளையிடம் பந்து வந்ததும் கை நடுங்கும், கோல் விழும் நொடியில் திரையில் வானம் தெரியும். வெகுகாலமாகக் காலியாகக் கிடந்த இடத்துக்குத்தான் இந்தக் கருவி வந்திருக்கிறது.

தானாகப் படமெடுப்பது பழைய வித்தைதான். 1878-ல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் 12 கேமராக்களை ஓடுபாதையோரம் வரிசையாக நிறுத்தி, பாதையின் குறுக்கே நூல் கட்டினார். ஓடிவந்த குதிரையே நூலை அறுத்துத் தன் படத்தை எடுத்துக்கொண்டது. குதிரை போகும் வழி முன்கூட்டியே தெரியும். பந்து போகும் வழி தெரியாது. 1939 மே 17 அன்று நியூயார்க்கில் கொலம்பியா, பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்கள் ஆடிய பேஸ்பால் ஆட்டத்தை என்.பி.சி. ஒரே கேமராவால் ஒளிபரப்பியது. எறிபவர், அடிப்பவர், ஓடுபவர் மூவரையும் அந்த ஒற்றைக் கண்ணால் பிடிக்க முடியவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் தொழில்முறை ஆட்டத்துக்கு இரண்டு கேமராக்கள் போயின. கேமராவைக் கூட்டினால் ஆளும் செலவும் கூடும்; அதைத் தாங்கியவை கூட்டம் சேரும் ஆட்டங்கள் மட்டுமே. 1980களில் வீடியோ கேமரா வீட்டுக்கு வந்த பிறகும் நிலைமை மாறவில்லை. கருவியின் விலை இறங்கியது, 90 நிமிடம் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதரின் நேரம் மலிவாகவில்லை. சின்ன ஆட்டங்கள் பதிவாகாமல் போனதற்குக் காரணம் இதுதான் என்பது என் வாதம்.

டென்மார்க்கின் வியோ, இஸ்ரேலின் பிக்ஸலாட் போன்ற நிறுவனங்கள் அந்த மனிதரின் வேலையைத்தான் மென்பொருளுக்குக் கொடுத்தன. உயரமான கம்பத்தின் உச்சியில் கேமரா அசையாமல் நிற்கிறது. அதன் லென்ஸ்கள் எடுக்கும் படங்களை ஒட்டினால் மைதானம் முழுவதும் ஒரே அகன்ற படமாகிவிடும். மென்பொருள் அதில் பந்தைத் தேடி, பந்து இருக்கும் பகுதியை மட்டும் வெட்டிக் காட்டுகிறது. பார்ப்பவருக்குக் கேமரா திரும்புவதுபோல் தோன்றும், திரும்புவது எதுவுமில்லை. 2013-ல் தொடங்கிய அமெரிக்காவின் என்.எஃப்.ஹெச்.எஸ். நெட்வொர்க் இவ்வகைக் கேமராக்களைப் பள்ளி மைதானங்களில் பொருத்தி ஆட்டங்களை ஒளிபரப்புகிறது. பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஆடுபவரின் உற்றார் உறவினர். இந்த வணிகத்துக்கு முன்னோடி தொலைக்காட்சி அல்ல. 1900களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிளாக்பர்னைச் சேர்ந்த மிட்செல், கென்யன் இருவரும் கால்பந்து ஆட்டங்களுக்குப் போய், ஆட்டத்தோடு கூட்டத்தையும் விரிவாக எடுத்தார்கள். படத்தில் தங்கள் முகத்தைக் காண மக்கள் காசு கொடுத்து வருவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இயந்திரத்துக்கு ஆட்டம் புரியாது என்பது வலுவான மறுப்பு. 2020 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் மைதானத்தில் தானியங்கிக் கேமரா லைன்ஸ்மேனின் வழுக்கைத் தலையைப் பந்தென்று எண்ணி மீண்டும் மீண்டும் அவரையே காட்டியது. கொரோனாவால் மைதானத்துக்குள் போக முடியாமல் வீட்டிலிருந்து பார்த்த ரசிகர்களுக்கு அது பெரும் ஏமாற்றம். பந்தை மட்டும் தொடரும் கண்ணுக்கு, பந்தில்லாமல் ஓடி இடைவெளி உண்டாக்கும் ஆட்டக்காரரின் உழைப்பும் தெரியாது. இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தவறு வெட்டிக் காட்டுவதில் நடக்கிறது. அகன்ற மூலப்படத்தில் பந்தும் இருக்கும், அந்த ஓட்டமும் இருக்கும். அதனால் மூலப்படம்தான் உண்மையான ஆவணம். பிள்ளைகளின் முகம் ஊரறியப் போவது பற்றிய அச்சம் இதைவிடக் கனமானது. பெற்றோர் சம்மதம் இல்லாமல் நேரலை கூடாது; அதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை.

மூலப்படம் யார் கையில் இருக்கிறது என்பதே எனக்குள்ள கவலை. மிட்செல், கென்யன் எடுத்த 800-க்கும் மேற்பட்ட நெகட்டிவ் சுருள்கள் 1994-ல் பிளாக்பர்னில் ஒரு கடையைக் காலி செய்தபோது உலோகப் பீப்பாய்களில் கிடைத்தன. கவனிப்பாரில்லாமல் கிடந்தும் அவை பிழைத்தன. இன்றைய பதிவுகள் நிறுவனங்களின் சர்வரில், கட்டும் சந்தாவை நம்பி இருக்கின்றன. சந்தா நின்றாலோ நிறுவனம் மூடினாலோ கண்டெடுக்கப் பீப்பாய் எதுவும் இருக்காது. கேமரா வாங்கும் சங்கங்கள் ஒவ்வோர் ஆட்டத்தின் மூலப்படத்தையும் ஒரு பிரதி எடுத்து, தேதியும் ஆடியவர் பெயர்களும் எழுதி, தங்கள் அலமாரியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.