நிறத்தை நிறுத்தியவை

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் சாலையில் இருக்கிறது அதியமான்கோட்டை. அங்குள்ள சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தின் விதானத்தில் இதிகாசக் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. மாணவர்களோடு போயிருந்தபோது ஒரு மாணவி அண்ணாந்து பார்த்தபடியே கேட்டாள்: "ஐயா, இத்தனை காலமாக இந்த நிறம் எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது?" ஓவியங்களின் கதையைச் சொல்ல ஆயத்தமாக வந்திருந்த எனக்கு விடை தெரியவில்லை. வீடு திரும்பிய பிறகுதான் தேடிப் படித்தேன்.

வண்ணப்பொடிக்குத் தானாக ஒட்டும் இயல்பு கிடையாது. சுவரோவியர்கள் அதை இரு வழிகளில் நிலைநிறுத்தினர். உலர்ந்த பூச்சின்மேல் பிசின் போன்ற பசையோடு குழைத்துத் தீட்டுவது ஒன்று. ஈரம் காயாத சுண்ணாம்புப் பூச்சின்மேல் நீரில் கலந்த வண்ணத்தை இடுவது மற்றொன்று. இரண்டாம் முறையில் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்லக் கல்லாகிறது. அந்தப் படிகத்துக்குள் நிறமும் சிறைப்படுகிறது.

1931-ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி, தஞ்சைப் பெரிய கோயிலின் இருண்ட உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதைக் கண்டறிந்தார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் அவற்றின் பூச்சை ஆராய்ந்து, அவை ஈரச் சுண்ணாம்பில் தீட்டப்பட்டவை என நிறுவினார். ஆயிரம் ஆண்டுகளாக அந்நிறங்களைத் தாங்கி நிற்பது, நாம் வெற்றிலையில் தடவும் அதே சுண்ணாம்புதான்.

அறிவியலாரும் இத்தகைய நிலைப்படுத்திகளை நாடினர். 1893-இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபெர்டினாண்ட் பிளம், கிருமிநாசினியாக ஃபார்மலினைச் சோதித்தபோது தம் விரல்தோல் கெட்டிப்படுவதைக் கண்டார். அதைத் திசுக்களைக் காக்கப் பயன்படுத்தலாம் என்று உணர்ந்தார். ஃபார்மால்டிஹைடு புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து அழுகலைத் தடுக்கிறது. இன்றும் நோய்க்கூறு ஆய்வகங்களில் அறுவைத் திசுவை முதலில் இடுவது பத்து விழுக்காடு ஃபார்மலினில்தான். ஆனால் அது கொழுப்பைப் பிடித்துவைப்பதில்லை. பின்னர் நடைபெறும் பதப்படுத்தலில் கொழுப்பு கரைந்துபோகிறது. ஒன்றைக் காக்கும் பொருள் மற்றொன்றைக் கைவிட்டுவிடுகிறது. எதைக் காக்க வேண்டும் என்று முன்பே தெளிந்தாலன்றி, எந்தப் பொருளைத் தேர்வது என்று சொல்ல இயலாது.

அத்தெளிவின்றிச் செய்ததன் விளைவை அஜந்தாவில் காணலாம். 1920-களின் தொடக்கத்தில் ஹைதராபாத் நிஜாம் அரசு வரவழைத்த இத்தாலிய வல்லுநர்கள், உதிரும் ஓவியங்களைக் காக்க அரக்குப் பூச்சைப் பூசினர். நோக்கம் நல்லதுதான். ஆயினும் நாளடைவில் அப்பூச்சு மஞ்சளித்துக் கறுத்து, ஓவியங்களையே மங்கச் செய்துவிட்டது. அதை நீக்கப் பிற்காலத் தொல்லியல் வேதியியலாளர்கள் நெடுங்காலம் உழைக்க வேண்டியிருந்தது.

நம் ஊர்க் கோயில்களில் நிலைமை இன்னும் இக்கட்டானது. திருப்பணி என்றதும் வாளியும் மட்டையும் வந்துவிடுகின்றன. ஓவியத்தைத் தாங்கி நிற்கும் சுண்ணாம்பே வெள்ளையடிப்பாக அதன்மேல் ஏறி அதை மூடிவிடுகிறது. பளபளப்புக்காக அடிக்கும் வார்னிஷும் அதற்குக் குறைந்த தீங்கன்று. பூச்சு எம்முறையில் ஆனது, பசை எது, ஈரம் எங்கிருந்து கசிகிறது என்று ஆராய்ந்த பின்னரே கை வைக்க வேண்டும் என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை அதியமான்கோட்டைக்குப் போகும்போது, எங்கள் கல்லூரி வேதியியல் துறை நண்பரையும் உடன் அழைத்துச் செல்லலாம் என்றிருக்கிறேன். அந்த மாணவிக்கு நான் சொல்லாமல் விட்ட விடையின் மறுபாதி அவரிடம் இருக்கிறது.